பதினான்காம் வளைவில் இறங்கிப்போன பிரேக்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எண்கள் அடிவாரத்திலிருந்து ஏறுகின்றன. ஆகவே இறங்குகிறவனுக்கு எல்லாம் தலைகீழ். இருபதில் தொடங்கி ஒன்றில் முடியும். அன்று காலை பதினான்காம் வளைவுக்குள் நுழையும்போது என் சைக்கிளின் பின் பிரேக் லிவரை வழக்கம்போல ஒரு விரலால் இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கைப்பிடியைப் பற்றியிருந்த மற்ற விரல்களின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. வண்டி மட்டும் வந்த வேகத்திலேயே போனது.

முன் பிரேக் பிடித்தது. வளைவின் உட்பக்கம் ஒதுங்கி, தடுப்புச் சுவரை ஒட்டி நின்றேன். கை நடுக்கம் நின்றபிறகு பின் லிவரை வேகமாக நான்கு முறை அழுத்திப் பார்த்தேன். நான்காவது அழுத்தலில் கல் மாதிரி கெட்டியாக இருந்தது. சரிதான் என்று கையை எடுத்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடி சொதசொதவென்று உள்ளே போனது.

கார் மெக்கானிக் யாரிடமாவது இதைச் சொன்னால் அடுத்த நொடியே பதில் வரும்: ஏர் பிடித்திருக்கிறது, ஏர் எடுக்க வேண்டும். ஹைட்ராலிக் பிரேக்கில் லிவரிலிருந்து, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற எஃகுத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிபர் வரை, ஒரே ஆயில் தூண். ஆயில் அமுங்காது, அதனால் விரல் கொடுக்கும் அழுத்தம் அப்படியே காலிபரின் பிஸ்டன்கள் வழியாக, டிஸ்க்கில் உராயும் பேடுக்குப் போகிறது. நடுவில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் விரலின் வேலையெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். அடுத்தடுத்து வேகமாக அழுத்தும்போது லிவரின் தொட்டியிலிருந்து கூடுதலாக ஆயில் உள்ளே இறங்குவதால் தற்காலிகமாகக் கெட்டியாகும். விட்டால் பழைய குருடி கதவைத் திறடி.

அறிகுறிகளைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். லிவர் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் ரொம்ப உள்ளே வந்துதான் பிடிக்கிறது என்றால் பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது பிஸ்டன் சோம்பலாக இருக்கலாம். லிவர் கெட்டி, ஆனால் சக்கரம் நிற்கவில்லை என்றால் பேடிலோ டிஸ்க்கிலோ எண்ணெய் பட்டிருக்கிறது. அழுத்திப் பிடித்தபடியே வைத்திருக்கும்போது லிவர் மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. அதை வீட்டில் நோண்டாமல் பாகத்தை மாற்றுவதே மேல். என்னுடையது சந்தேகத்துக்கு இடமில்லாத காற்று.

ஆனால் காலையில் ஏறும்போதும் மேலே காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சுற்றியபோதும் லிவர் நன்றாகத்தானே இருந்தது? இறங்கும்போது மட்டும் ஏன் போனது? மிச்ச வளைவுகளை முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, இரண்டு வளைவுக்கு ஒருமுறை நின்று இறங்கிய அந்த நீண்ட நேரத்தில் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான், வண்டி, முதுகுப்பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 90 கிலோ. மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொண்டால் 90 × 9.8 × 1000, அதாவது ஏறக்குறைய 8.8 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் நூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள இரண்டு எஃகுத் தட்டுகளுக்குள்தான் போகிறது. அங்கிருந்து பேட், பேடிலிருந்து பிஸ்டன், பிஸ்டனிலிருந்து ஆயில். உள்ளே ஒளிந்திருக்கும் காற்று சூட்டில் விரிகிறது. காலையில் கடுகாக இருந்த குமிழி பதினான்காம் வளைவில் கடுகாக இருக்கவில்லை.

அந்தக் கடுகு எப்படி உள்ளே போனது என்பது வீட்டுக்கு வந்து பேடைக் கழற்றியபிறகுதான் புரிந்தது. முந்தைய வாரம் பின் டயர் பஞ்சர். எல்லாரும் செய்வதுபோல வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் நிறுத்தி ஒட்டினேன். ஒட்டி முடித்து, சக்கரம் உரசுகிறதா என்று பார்க்க, கவிழ்ந்த நிலையிலேயே லிவரை நாலைந்து முறை அழுத்தினேன். அதுதான் வினை. பேட் தேயத் தேய பிஸ்டன்கள் வெளியே நகரும்; அந்த இடத்தை நிரப்பத் தொட்டியிலிருந்து ஆயில் இறங்கும்; தொட்டியில் மட்டம் குறையும். என் பேடில் உராயும் பகுதி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பிரேக்கைச் செய்த ஷிமானோ நிறுவனம் சொல்லும் கடைசி எல்லையே 0.5 மி.மீ. தான். அரைகுறையாக நிரம்பிய தொட்டியைத் தலைகீழாக்கினால் அதிலுள்ள காற்று மேலே, அதாவது குழாயின் வாய்க்கு, வந்து நிற்கும். லிவரை அழுத்தி நானே அதை உள்ளே விட்டிருக்கிறேன். பிரேக் கெட்டது மலையில் இல்லை. எங்கள் வீட்டு வாசலில், என் கையால்.

என்னுடையது ஷிமானோவின் எம்டி200 வகை. இதில் ஓடுவது மினரல் ஆயில். சாமான் வாங்கப் போனபோது ஒரு வாகன உதிரிபாகக் கடையில் ஏறி, சைக்கிளுக்குப் பிரேக் ஆயில் கிடைக்குமா என்று கேட்டேன். பெரியவர் மோட்டார் வாகனங்களுக்கான டாட் 3 பிரேக் திரவப் புட்டி ஒன்றை எடுத்து வைத்தார். இது மினரல் ஆயில் இல்லையே என்றேன். "பிரேக் ஆயில் என்றால் பிரேக் ஆயில்தான் தம்பி" என்றார். அவர் சொன்ன தொனியில் வாங்கிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றக் கூடாது. டாட் திரவம் கிளைகால் வகையைச் சேர்ந்தது. ஆயில் கசியாமல் அடைக்க, மினரல் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் சீல்களில் அது பட்டால் சீல் உப்பிக் கெட்டுப்போகும். டாட் பிரேக்கில் மினரல் ஆயிலை ஊற்றினாலும் இதே கதிதான். ஒருமுறை கலந்துவிட்டால் கழுவி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம்.

டாட் மோசமான சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். ஹோப் நிறுவனத்தின் பிரேக்குகளும் ஸ்ராமின் பல பிரேக்குகளும் அதில்தான் ஓடுகின்றன. டாட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தனக்குள் கரைத்துக்கொள்ளும். அதனால் அதன் கொதிநிலை காலப்போக்கில் குறையும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 என்பது தரக் கணக்கு. மினரல் ஆயில் ஈரத்தைச் சேர்த்துக்கொள்ளாது. இதை நல்ல செய்தி என்று பலர் சொல்வார்கள், பாதிதான் உண்மை. எப்படியோ உள்ளே புகுந்த தண்ணீர் ஆயிலோடு சேராமல் கனத்தில் அடியில் போய்த் தங்கும். அடி என்பது காலிபர். இருப்பதிலேயே சூடான இடம். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் அதன் கொதிநிலை தண்ணீரின் கொதிநிலைதான். மழையிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்கள் மினரல் ஆயிலையும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது இதனால்தான். நான் மூன்று வருடமாக மாற்றவில்லை.

சைக்கிள் கடையில் கம்பெனி மினரல் ஆயில் ஒரு சின்னப் புட்டியும், லிவரின் தலையில் திருகும் புனலும், ரெசின் (பிசின் கலவை) பேட் ஒரு ஜோடியும் கிடைத்தன. மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்ச். மீன்தொட்டி விற்கும் கடையில் காற்றுக்குழாய் அரை மீட்டர். அதன் உள்விட்டம் காலிபர் நிப்பிளில், அதாவது ஏர் எடுக்கத் திறந்து மூடும் சின்ன முனையில், இறுக்கமாக உட்காருகிறது. செல்போன் பழுதுபார்ப்போருக்குச் சாமான் விற்கும் கடையில் ஐசோபிரைல் ஆல்கஹால். டிஸ்க்கைத் துடைக்க இதை விட்டால் வேறில்லை. வாசனைத் தைலம் கலந்த ஸ்பிரிட், மண்ணெண்ணெய், பெட்ரோல் என்று எதை வைத்துத் துடைத்தாலும் ஒரு மெல்லிய படலம் தங்கிவிடும் அபாயம் உண்டு.

பேட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மெட்டல் பேட் சூட்டைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும் என்று கடைக்காரர் அதை எடுத்துக் கொடுக்கத் தயாராக இருந்தார். விலை குறைந்த டிஸ்க்குகளின் மேல் பொடி எழுத்தில் 'ரெசின் பேட் மட்டும்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். என்னுடையதில் இருந்தது. அதில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க்கை அரம்போல ராவிவிடும். அதே தட்டில் குறைந்தபட்சத் தடிமன் 1.5 மி.மீ. என்றும் இருக்கும். புதிதில் 1.8. வெர்னியரால் அளந்தேன்: 1.7. இன்னும் ஓடும்.

ஞாயிறு மதியம் பின்கட்டில் வேலை தொடங்கியது. சக்கரத்தைக் கழற்றி வேறு அறையில் வைத்தேன். இது அதீத ஜாக்கிரதை என்று நினைப்பவர்களுக்கு என் முதல் அனுபவத்தைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் இதே வேலையை பேடைக்கூடக் கழற்றாமல் செய்தேன். ஒரே ஒரு சொட்டு. டிஸ்க்கைத் துடைத்துவிட்டேன், பேடைத் துடைக்க முடியாது. அது பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளும். இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று இடுக்கியில் பிடித்து அடுப்பில் வாட்டினேன். வீடு முழுக்கப் புகை, மனைவியின் வாயில் என் பரம்பரை. அத்தனைக்கும் பிறகு பிரேக் பிடித்தால் மயில் அகவுவதுபோலச் சத்தம் வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. எண்ணெய் குடித்த ரெசின் பேடுக்கு வைத்தியம் குப்பைத்தொட்டிதான்.

பேடைத் தாங்கும் ஊசியின் காதுகளைக் குறட்டால் நிமிர்த்தி உருவினால் இரண்டு பேடும் நடுவிலுள்ள வில்லும் சேர்ந்து வெளியே வரும். உள்ளே எட்டிப் பார்த்தால் இரு பக்கமும் பிஸ்டன் ஒவ்வொன்று. சுற்றிலும் ஏற்காட்டுச் செம்மண் பசைபோல அப்பியிருந்தது. இதை அப்படியே உள்ளே தள்ளினால் மண் சீலைக் கீறும். அதனால் லிவரை மிக மெதுவாக அழுத்தி பிஸ்டன்களை இன்னும் கொஞ்சம், ஒரு மில்லிமீட்டர்போல, வெளியே வரவிட்டேன். இங்கே ஆசைப்படக் கூடாது. இன்னும் இரண்டு அழுத்து அழுத்தினால் பிஸ்டன் மொத்தமாக வெளியே விழுந்து ஆயில் பின்னாலேயே வரும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்து பிஸ்டனின் ஓரத்தைத் துடைத்தேன். முதல் குச்சி செங்கல் நிறம், ஏழாவது குச்சி ஏறக்குறைய வெள்ளை. பிறகு புதுக்குச்சியில் ஒரே துளி மினரல் ஆயில் தொட்டு ஓரத்தில் தடவி, டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோலான டயர் லிவரால் நேராக அழுத்தி உள்ளே தள்ளினேன்.

இடப்பக்க பிஸ்டன் சொன்னபடி கேட்டது. வலப்பக்கம் சண்டித்தனம். லிவரை அழுத்தினால் இடது மட்டும் வருகிறது, வலது அசையவே இல்லை. இடது பிஸ்டனை டயர் லிவரால் பிடித்துக்கொண்டு அழுத்தினால் வலது வந்துதான் ஆக வேண்டும், வந்தது. தள்ளினேன், வரவழைத்தேன், தள்ளினேன். பத்துப் பன்னிரண்டு முறைக்குப் பின் இரண்டும் சேர்ந்து நகர்ந்தன. பிஸ்டனைத் திரும்ப இழுக்கத் தனியாக ஸ்பிரிங் எதுவும் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பிஸ்டனைச் சுற்றிய சதுர வெட்டுச் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது ரப்பர் லேசாக முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைக் கூடவே இழுத்துக்கொள்ளும். பேட் தேயும்போது பிஸ்டன் சீலின் மேல் சற்று வழுக்கி முன்னே வந்து புது இடத்தில் நிற்கும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் பிரேக் என்பதன் ரகசியம் இவ்வளவுதான். மண் ஒட்டிய சீல் வழுக்காது, முறுக்கிக்கொள்ளவும் செய்யாது.

பிஸ்டன்களை முழுக்க உள்ளே தள்ளி, இடையில் பிரேக்கோடு வந்த மஞ்சள் பிளாஸ்டிக் கட்டையைச் செருகினேன். இந்தக் கட்டை இல்லாமல், பிஸ்டன் பாதி வெளியே நிற்கும்போது ஆயில் நிரப்புகிறவர்கள் உண்டு. அப்போது லிவர் அற்புதமாக இருக்கும். பிறகு புது பேடைப் போட பிஸ்டனைத் தள்ளினால் போக இடமில்லாத ஆயில் சீல்களை நெருக்கும். சக்கரம் உரசிக்கொண்டே இருக்கும்.

லிவரின் பிடியைத் தளர்த்தி, ஏர் எடுக்கும் திருகு மேல்நோக்கி வரும்படி லிவரைத் தரைக்கு இணையாகத் திருப்பினேன். திருகைக் கழற்றும்போது அதோடு ஒட்டியிருக்கும் ஓ-ரிங் என்ற பொடி ரப்பர் வளையம் கீழே விழாமல் பார்க்க வேண்டும். மிளகுக்குப் பாதி அளவுதான், விழுந்தால் எறும்பு தூக்கிக்கொண்டு போயிற்று என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஓட்டையில் புனல். கீழே காலிபர் நிப்பிளின் மேல் 7 மி.மீ. ஸ்பேனரை முதலில் மாட்டிவிட்டு அதன்மேல் குழாய். வரிசை மாறினால் குழாயை மறுபடி உருவ வேண்டும். சிரிஞ்சில் ஆயிலை இழுத்து, நர்ஸ் ஊசி போடுமுன் செய்வதுபோல நிமிர்த்திச் சுண்டி, முனையில் நின்ற காற்றைத் தள்ளிவிட்டு இணைத்தேன்.

நிப்பிளை எட்டில் ஒரு சுற்றுத் திறந்து சிரிஞ்சை அழுத்தினேன். காற்றுக்கு மேலே போவதுதான் இயல்பு. ஆகவே ஆயிலும் கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே புனலில் முதலில் எழும்பியது கருப்பட்டிக் காப்பி. புதிய ஆயில் ரோஜா நிறம், ஊடே பார்த்தால் மறுபக்கம் தெரியும். மூன்று வருடத்தில் அது என்னவாக ஆகியிருந்தது என்று பார்க்கவே வெட்கமாக இருந்தது. அழுக்கை இன்னொரு சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, ரோஜா நிறம் எட்டும்வரை தள்ளினேன். வழியில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. பிறகு நிப்பிளை மூடி, சிரிஞ்சுக்குப் பதில் ஒரு பாலிதீன் பையைக் கட்டி, லிவரை அழுத்திப் பிடித்தபடி நிப்பிளை அரை நொடி திறந்து மூடுவதை மூன்று முறை செய்தேன். காலிபரின் மூலைமுடுக்கில் ஒட்டியிருப்பது இந்த வேகத்தில்தான் கிளம்பும். இடையில் புனல் காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலியானால் மேலிருந்து புதுக் காற்று.

எல்லாம் முடித்து லிவரை அழுத்தினேன். முன்னைக்கு நன்றாக இருந்தது, ஆனால் முதல் அழுத்தலில் ஒரு சின்ன மெத்தென்ற உணர்வு. முதல் முறையை விட இரண்டாம் முறை கெட்டி. அதாவது இன்னும் உள்ளே இருக்கிறது. முழுவதையும் மறுபடி செய்தேன். அதே மெத்து. டீ குடித்தேன். மூன்றாம் முறை செய்யுமுன் வண்டியை விட்டு விலகி நின்று, ஆயில் குழாய் போகும் வழியை மட்டும் கண்ணால் தொடர்ந்தேன்.

காலிபரிலிருந்து கிளம்பும் குழாய் முதலில் மேலே வளைந்து ஏறுகிறது. பிறகு சட்டத்தை ஒட்டிக் கீழே இறங்குகிறது. அதன்பின் மறுபடி ஏறி லிவருக்குப் போகிறது. நடுவில் ஒரு கூன். காற்று அந்தக் கூனின் உச்சியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, நான் அடியில் அழுத்தும் ஆயிலெல்லாம் தன்னைக் கடந்து போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

முன் சக்கரத்தைத் தூக்கி ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டினேன். வண்டி பின்காலில் நிற்கும் குதிரைபோல நின்றது. லிவரை மறுபடி தரைமட்டத்துக்குத் திருப்பி, புனலை நிமிர்த்தினேன். இப்போது காலிபரிலிருந்து லிவர் வரை குழாய்க்கு ஏற்றம் மட்டுமே. மகளைக் கூப்பிட்டுப் புனலைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் குழாயைக் காலிபர் பக்கமிருந்து டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே மேலே வந்தேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. அவள் அலுத்துப்போய் எழுந்திருக்கப் போனாள். லிவரை மெல்ல ஒரு முறை அழுத்தி விட்டேன்.

"அப்பா, பெரிசு!"

நிலக்கடலை அளவு குமிழி ஒன்று புனலின் அடியில் ஒரு கணம் தயங்கி நின்று, நீண்டு, அறுந்து, மேலே வந்து உடைந்தது. பின்னாலேயே கடுகுகள் மூன்று. லிவரை முன்பக்கம் 30 டிகிரி சாய்த்து அழுத்தியதில் இன்னும் ஒன்று, பின்பக்கம் சாய்த்ததில் ஒன்றுமில்லை. அதன்பிறகு விரலுக்குக் கீழே லிவர் நின்ற இடம் வேறு. சிலர் இரவில் லிவரை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைப்பார்கள். பொடிக் குமிழிகள் மேலே ஏற அது உதவும். ஆனால் கூனில் உட்கார்ந்த நிலக்கடலைக்கு அந்த வைத்தியம் பலிக்குமென்று நான் நம்பவில்லை.

வண்டியை இறக்கி, லிவரைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து, புனலை அடைத்துக் கழற்றி, ஓட்டையில் ஆயில் பொங்கி வழியும்படி நிரப்பித் திருகை மூடினேன். இந்தத் திருகுக்கு அரை நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கு ஆகாது. விரல் நுனியால் திருப்பும் பலம் போதும். காலிபர் நிப்பிளுக்கு 4 முதல் 6. வழிந்ததையெல்லாம் ஆல்கஹாலால் துடைத்து, கையையும் சோப்புப் போட்டுக் கழுவியபிறகுதான் புது பேடைத் தொட்டேன்.

சக்கரத்தை மாட்டியதும் காலிபரின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடியே மாற்றி மாற்றி இறுக்கினால் காலிபர் டிஸ்க்குக்கு நடுவில் தானே அமரும் என்பார்கள். பாதி தடவைதான் அமரும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் வெளிச்சக்கோடு தெரிந்தது, வலப்பக்கம் இல்லை. கையால் மயிரிழை நகர்த்தி இறுக்கியதும் இரண்டு பக்கமும் கோடு வந்தது.

புது பேட் முதலில் பிடிக்காது. தெருவில் மிதமான வேகத்துக்குப் போய், நடக்கும் வேகம் வரை சீராகக் குறைத்து, முழுக்க நிற்காமல் மறுபடி வேகமெடுப்பது. இப்படி இருபது தடவை. பேடின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாகப் படிய வேண்டும். பன்னிரண்டாவது தடவைக்குமேல் பிடிப்பு ஏறுவது விரலுக்கே தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றால் நம்பியிருக்க மாட்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடி ஏற்காடு. இறங்கும்போது வேண்டுமென்றே பின் பிரேக்கை அதிகமாக வேலை வாங்கினேன். நல்ல பழக்கம் இல்லை, ஆனால் சோதனை சோதனைதான். பதினான்காம் வளைவுக்கு முன் ஓரமாக நிறுத்தி, தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல விரலில் தண்ணீர் தொட்டு டிஸ்க்கின் மேல் ஒரே ஒரு சொட்டுத் தெளித்தேன். சுர்ரென்று உருண்டு காணாமல் போனது. லிவரை அழுத்தினேன். வீட்டில் நின்ற அதே இடத்தில் நின்றது. முன் லிவர்தான் இப்போது கொஞ்சம் மெத்தென்று தோன்றுகிறது. அன்று வண்டியைக் கவிழ்த்தபோது முன் பிரேக்கும் சேர்ந்துதானே கவிழ்ந்தது. புட்டியில் பாதி ஆயில் மிச்சமிருக்கிறது.